கற்கள் ஊர் திரும்பிய வருடம்

தபால்காரர் திஜானியின் வீட்டு வாசற்படி, மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு எழுந்து, குன்றின் மேல் இருக்கும் ரோமானியர்களின் பழைய ஊருக்கு நடந்தே போய்ச் சேர்ந்தது. அந்த வாரம் தக்காளி கிலோ ஒன்றரை தினார். மழை போதுமான அளவு பெய்திருந்தது. வேறு விசேஷம் எதுவும் இல்லை. வாசற்படி என்றால் மூன்று முழ நீளமுள்ள சுண்ணாம்புக்கல். நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். சினையாடு நடப்பது போல இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து, அவசரம் இல்லாமல் நடந்தது. பெரிய சாலை வந்ததும் நின்று, இரண்டு லாரிகளைப் போகவிட்டு, அதன் பிறகே கடந்தது. எங்கள் ஊரான ஐன் ருகாமில் மனிதர்கள் யாரும் அப்படிக் கடந்ததில்லை என்பதால் போக்குவரத்துக் காவலர் அதற்கு ஒரு சலாம் வைத்தார். எங்கள் பக்கத்தில் ஒருவர் பயணம் கிளம்பினால் நல்லபடியாகத் திரும்பி வரட்டும் என்று வாசற்படியில் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவார்கள். பயணம் போவதே வாசற்படியாக இருந்தால் தண்ணீரை எங்கே ஊற்றுவது என்று தெரியாமல் திஜானியின் மனைவி சொம்பும் கையுமாக நின்றுவிட்டாள். திஜானி மட்டும் தபால் பையைத் தோளில் போட்டபடி கல்லுக்குப் பக்கத்திலேயே நடந்து, வழி நெடுக அதனிடம் நியாயம் கேட்டார்.

"முப்பத்திரண்டு வருஷமா உன்னை மிதிச்சுத்தான் வேலைக்குப் போறேன். ஒரு நாளாவது வலிக்குதுன்னு சொல்லியிருக்கியா? சொல்லியிருந்தா தாண்டிப் போயிருப்பேன்ல? இப்படிச் சொல்லாம கொள்ளாம கெளம்பினா ஊர்ல என்னைப் பத்தி என்ன நெனப்பாங்க?"

கல் நடையை நிறுத்தவில்லை. வெயில் ஏறியபோது ஓர் ஒலிவ மரத்தடியில் கால் மணி நேரம் உட்கார்ந்தது, திஜானியும் உட்கார்ந்தார். பன்னிரண்டரைக்குப் பழைய ஊரின் வாயிலைக் கடந்து, நாடக அரங்கின் படிக்கட்டில் ஏறி, மூன்றாவது வரிசையில் பல் விழுந்தது போல் இருந்த இடைவெளியில் போய் அமர்ந்தது. நாள் முழுக்க நின்று வேலை பார்த்த மனிதன் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது விடுகிற மூச்சுச் சத்தம் ஒன்று கேட்டதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். காவலாளி மொன்ஜி ஓடி வந்து மூன்று முறை விசில் ஊதினான். பழைய ஊரிலிருந்து கல்லை வெளியே எடுத்துப் போனால் என்ன தண்டனை என்று விதிப்புத்தகத்தில் பதினொரு பக்கம் இருந்தது. கல் தானாக உள்ளே வந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அவன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இதில் மறைக்க ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் முழுக்க அந்த ஊரைப் பிரித்துக் கட்டியதுதான். தாத்தாக்கள் எடுத்தார்கள், தாத்தாக்களின் தாத்தாக்கள் எடுத்தார்கள், அண்டை அயலில் ஆயிரம் கல் சும்மா கிடக்கும்போது கல் உடைக்கப் போகிறவனைப் பைத்தியக்காரன் என்றார்கள். இமாம் வீட்டுக் கிணற்றின் விளிம்பு, கோவில் தூண் ஒன்றின் அடிப்பாகம். காப்பிக்கடையில் நாங்கள் டோமினோ ஆடும் மேஜை, யாரோ ஒரு பெரிய மனிதரின் சவப்பெட்டி மூடி. என் வீட்டுக் கழிப்பறைச் சுவரில் ஒரு நீதிபதியின் பாதி முகம் பதிந்திருந்தது. நாற்பது வருடம் தினமும் காலையில் அவர் என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் இதுவரை யாரிடமும் பேசியதில்லை. அவர் ஏப்ரலில் போனார். போகும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் நிலையில் நானும் பார்த்திருக்க மாட்டேன்.

ஒன்றன் பின் ஒன்றாக எல்லாக் கற்களும் கிளம்பின. தன் முறை வந்ததும் கல் ஒரு முறை உடம்பைச் சிலிர்த்துச் சுண்ணாம்பை உதறும். பிறகு சுவரிலிருந்து இறங்கும். மரியாதை தெரிந்த கற்கள். தூங்குகிறவர் தலையில் ஒன்றுகூட விழவில்லை, குழந்தை இருக்கிற அறையில் கடைசியாகத்தான் கை வைத்தன. பகலில் மட்டும் நடந்தன, வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் அப்படியே நின்றன. ஜூன் மாதத்துக்குள் எங்கள் ஊர், பல்வைத்தியரிடம் போய்வந்த கிழவனின் வாய் மாதிரி ஆகிவிட்டது. ஓட்டைகளைப் போர்வை, தகரம், பழைய தேர்தல் பதாகை என்று கையில் கிடைத்ததைக் கொண்டு மூடினோம். மேலே குன்றிலோ அரங்கு கிட்டத்தட்ட நிறைந்தது, சந்தைக்குக் கூரை வந்தது, குளிக்கும் கூடத்தின் சுவர் எழும்பியது. சாக்கடைகூட ஓடத் தொடங்கியது என்று மொன்ஜி பொறாமையோடு சொன்னான். எங்கள் நகராட்சி சாக்கடையை அவன் நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

இதில் மிகவும் ஏமாந்தவர்கள் சுற்றுலாப் பயணிகள். இடிபாடு பார்க்க வந்தவர்களுக்கு, கறிக்கடை, மீன்கடையெல்லாம் சரியாக இருக்கிற ஒரு ஊரைக் காட்டினால் என்ன செய்வார்கள்? அரை மணி நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்துவிட்டுப் பேருந்தில் ஏறினார்கள். பேருந்து எங்கள் தெரு வழியாகத் திரும்பும்போது, முன்சுவர் இல்லாத வீட்டில் ஒரு குடும்பம் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுவதைப் பார்த்து, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திக்கொண்டு கேமராவோடு இறங்கினார்கள். வழிகாட்டி பூபக்கர் இருபது வருடமாக மேலே சொல்லிவந்த பொய்களை ஒரே வாரத்தில் கீழே இறக்கிக்கொண்டார். திஜானியின் வீட்டில் நின்று குரலைத் தாழ்த்தி, "இது வரவேற்பறை. எண்பதுகளின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மக்கள் மாலை நேரங்களில் இங்கே அமர்ந்து தொலைக்காட்சி பார்த்ததாக நம்பப்படுகிறது" என்பார்.

"நம்பப்படுறது என்ன நம்பப்படுறது, இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பாள் சோபாவிலிருந்து திஜானியின் மனைவி. "கொஞ்சம் நகருங்கண்ணே. மறைக்குது."

ஊரில் ஒரே ஒரு வீடுதான் ஒரு கல்கூட இழக்காமல் நின்றது. அது மொன்ஜியின் வீடு.

மொன்ஜிக்கு அப்போது நாற்பத்தொரு வயது. பதினேழு வருடமாகப் பழைய ஊரின் காவலாளி. காக்கிச் சட்டை, கழுத்தில் விசில், யாரும் சிரிக்கக் கூடாது என்பதற்காகவே வைத்தது போல் ஒரு மீசை. வெளியே போகிறவர்களைச் செருப்பில் ஒட்டிய மண்ணைக்கூட வாயிலில் தட்டிவிட்டுப் போகச் சொல்வான். அதே வாயிலில், இரண்டடி தள்ளி, நுழைவுச்சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் தலெந்தாவை ஒன்பது வருடமாகக் காதலித்தான், அவளும் அவனைத்தான். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை முதலில் வீடு கட்ட வேண்டும், பிறகுதான் பெண் கேட்டு வாசலில் நிற்க முடியும். மொட்டை மாடிகளில் கம்பிகள் வானத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருக்கும் பாதி வீடுகளை இந்த நாடு முழுக்கப் பார்க்கலாம். ஒவ்வொரு கம்பியும் ஒரு காதல். தலெந்தாவின் அம்மா பெய்யாவிடம் இந்த விஷயத்தில் பேரம் கிடையாது.

"சுவரு நாலு, கூரை ஒண்ணு. அதுல ஒண்ணு கொறைஞ்சாலும் என் பொண்ணு என் வாசலைத் தாண்ட மாட்டா" என்று ஒன்பது வருடத்துக்கு முன் சொன்னவள், அதற்குப் பிறகு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

காவலாளி சம்பளத்தில் ஒரு மனிதன் மீசை வளர்க்கலாம், வீடு வளர்க்க முடியாது. ஆனாலும் சப்பாத்திக்கள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் மொன்ஜியின் வீடு வருடத்துக்கு அரைச் சுவர் என்ற கணக்கில் வளர்ந்தது. நன்றாகச் செதுக்கிய கல், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. எங்கேயோ தெற்கில் ஒரு கல்குவாரியில் தூரத்துச் சொந்தக்காரர் இருக்கிறார் என்றான். மற்ற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டோம், ஆனால் செருப்பு மண்ணைத் தட்டச் சொல்கிற மனிதன் சொன்னான். அந்த வசந்தத்தில் தகரக் கூரையும் போட்டுவிட்டான். ஊரெல்லாம் கல் நடந்துகொண்டிருந்தபோது அவன் வீடு மட்டும் தும்மல்கூடப் போடாமல் நின்றது. மக்கள் பார்க்க வந்தார்கள். இமாம் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் அவனைப் புகழ்ந்தார். பெயர் சொல்லாததால் எல்லோரும் திரும்பி அவனையே பார்த்தோம். பெய்யாவின் வீட்டில் அப்போது இரண்டு சுவர்தான் மிச்சம். அவள் வந்து, விரல் முட்டியால் மொன்ஜியின் சுவரைத் தட்டிப் பார்த்தாள், தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள், பிறகு முதுகைச் சாய்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

"இந்த ஊர்ல ஒருத்தனாவது ஒழுங்காச் சம்பாதிச்சுக் கட்டியிருக்கான்" என்றாள். "ஆகஸ்ட்டு கடைசிச் சனிக்கிழமை கல்யாணம். பாஜா மருந்துக்கடைக்காரருக்கு அப்புறம் நான் பதில் சொல்லிக்கிறேன்."

பாஜா நகரத்து மருந்துக்கடைக்காரர் மனைவியை இழந்தவர், நல்லவர், மூன்று மாடி வீட்டுக்காரர். குளிர்காலத்திலேயே தலெந்தாவைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். ஆகஸ்ட் முடிவுக்குள் மொன்ஜி கல்யாணத்தை முடிக்காவிட்டால் அவள் பாஜாவுக்குப் போக வேண்டியதுதான். இதை ஊரில் எல்லோரும் அறிந்திருந்தார்கள், மருந்துக்கடைக்காரரும் அறிந்திருந்தார்.

ஒன்பது வருடம் காத்திருந்தவன் குதித்திருக்க வேண்டும். மொன்ஜியோ அன்றிலிருந்து தள்ளிப்போடத் தொடங்கினான். முதலில் பல்வலி என்றான். பிறகு அத்தைக்கு உடம்பு சரியில்லை என்றான். அத்தை இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. ஆட்டு விலை இறங்கட்டும் என்றான். ஜூலை நடுவில் ஒரு முற்பகல், நுழைவுச்சீட்டு ஜன்னலுக்கு வெளியே பயணிகள் வரிசையில் நிற்க, தலெந்தா சீட்டுக் கிழித்துக்கொண்டே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒம்பது வருஷமா நீ அவசரப்பட்ட, எங்கம்மா இழுத்தடிச்சாங்க. இப்ப எங்கம்மா அவசரப்படுறாங்க, நீ இழுத்தடிக்கிற. மருந்துக்கடைக்காரருக்கு நான் என்ன சொல்லட்டும், மொன்ஜி?"

"தலெந்தா, அது வந்து…"

"வந்து? ரெண்டு பெரியவங்க, ஒரு குழந்தையா? இந்தாங்க, வலது பக்கமாப் போங்க. உன்னைத்தான், சொல்லு."

"அந்தக் கல்லு குவாரியிலேர்ந்து வரல."

"தெரியும்."

"தெரியுமா?"

"தெனம் சாயங்காலம் உன் கழுதை வைக்கோல் மூட்டையோட வெளிய வரும். உள்ள போறப்ப துள்ளிக்கிட்டுப் போகும், வர்றப்ப மூச்சு வாங்கும். வைக்கோல் அவ்வளவு கனமான்னு நான் ஒரு நாளாவது கேட்டேனா? பெரிய திருடன்! இதுக்கா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க?"

இதற்கு இல்லை. விஷயம் அதைவிட மோசம். எங்கள் ஊரில் விருந்துக்கு அழைப்பது என்பது வாயால் சொல்வது அல்ல. அழைக்கிறவர் அழைப்பார், அழைக்கப்பட்டவர் மூன்று முறை மாட்டேன் என்பார், கடைசியில் அழைக்கிறவர் தன் தாய் தலையில் ஆணையிடுவார். ஆணை விழுந்துவிட்டால் முடிந்தது. விருந்தாளி சாப்பிடாமல் போக முடியாது, அழைத்தவர் போடாமல் இருக்க முடியாது. அண்டை ஊர்க்காரர்கள் இதனாலேயே எங்கள் தெரு வழியாக மதிய நேரத்தில் நடப்பதில்லை. மொன்ஜிக்கு ஒவ்வொரு முறை கல்லைத் தூக்கும்போதும் மனசு உறுத்தியிருக்கிறது. திருட்டு மாதிரி இருக்கக் கூடாது என்று, வைக்கோல் மூட்டைக்குள் வைக்கும் முன் ஒவ்வொரு கல்லிடமும், "வா, என் வீட்டுக்கு வா. என் கல்யாணத்துக்கு இருந்து கூஸ்கூஸ் சாப்பிட்டுட்டுத்தான் போகணும். சாப்பிடாம போனா எங்கம்மா மேல ஆணை" என்று சொல்லியிருக்கிறான். கல் பதில் சொல்லாததை மறுப்பு என்று எடுத்துக்கொண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறான். இப்படி ஆயிரத்து நூற்று இருபத்தெட்டுக் கற்களை முறைப்படி அழைத்திருக்கிறான். உலகத்தில் வேறு எந்த ஊர்த் திருடனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான்.

தலெந்தா சீட்டுக் கிழிப்பதை நிறுத்தினாள். "அப்ப அதுங்க உன் நேர்மைக்காக நிக்கல. கல்யாணச் சாப்பாட்டுக்காக நிக்குதுங்க."

"ஆமா."

"சாப்பிட்டா கெளம்பிடும்."

"ஆமா."

"கல்யாணம் நடந்தா வீடு போயிடும். வீடு இல்லன்னா கல்யாணம் நடக்காது."

மொன்ஜி மீசையைப் பார்த்துக்கொள்ள முயற்சி செய்வது போலத் தலை குனிந்தான். தலெந்தா சிரிக்க ஆரம்பித்தாள். வரிசையில் நின்ற ஒரு பிரெஞ்சுக்காரர் காரணம் தெரியாமலே அவளோடு சேர்ந்து சிரித்தார். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்தாள். துடைக்கிற வேலை சிரிப்பைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாக நடந்தது. பிறகு ஜன்னலின் பலகையை இறக்கிவிட்டு வெளியே வந்தாள்.

"ஒம்பது வருஷமா விருந்தாளியைப் பட்டினி போட்டு நிக்க வெச்சிருக்க. அந்த வெயில்ல, அந்தக் குளிர்ல. வெக்கமா இல்ல உனக்கு? சொன்ன தேதியில கல்யாணம். முதல்ல கையெழுத்து, அப்புறம் கூஸ்கூஸ். கையெழுத்து ஆயிட்டா எங்கம்மா என்ன பண்ணிட முடியும்?"

திட்டம் நல்ல திட்டம்தான். ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, மொன்ஜியின் முற்றத்தில், கூஸ்கூஸுக்காக ஏழு ஆடுகளும் இரண்டு மூட்டை ரவையும் வெந்தன. பெண் வீட்டில் விருந்து வைக்க அங்கே சுவர் போதவில்லை. குழலும் முரசும் வந்தன, பெண்கள் குலவையிட்டார்கள், பதிவாளர் வந்து மேஜையில் பேரேட்டை விரித்தார். பெய்யா புதுச் சால்வையோடு முன்வரிசையில், சுவருக்கு முதுகைக் கொடுத்து, மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தாள். மொன்ஜி பேனாவைக் கையில் வாங்கினான். அவளைப் பார்த்தான். அவள் முதுகு அந்தச் சுவரில் எவ்வளவு நம்பிக்கையோடு சாய்ந்திருந்தது என்பதையும் பார்த்தான். பேனாவைக் கீழே வைத்தான்.

"பெய்யா சித்தி, எழுந்துக்கோங்க" என்றான். "அது என் சுவரு இல்ல."

எல்லாவற்றையும் சொன்னான். கழுதை, வைக்கோல், ஆணை, சாப்பாடு முடிந்ததும் என்ன ஆகும் என்பது வரை ஒன்று விடாமல். முரசுக்காரன் தட்டுவதை நிறுத்திவிட்டான். பிறகு திஜானி, "அட, நீயும் நம்மாளுதானா!" என்று ஆரம்பிக்க, ஊர் மொத்தமும் சிரித்தது. ஐன் ருகாமில் திருடாதவன் என்று ஒருவன் இருக்கிறானே என்று ஆறு மாதமாக எங்கள் எல்லோருக்கும் ஒரு சங்கடம் இருந்தது, அது தீர்ந்தது. இமாம் மட்டும் ஆகாயத்தைப் பார்த்தார். அவர் வீட்டுக் கிணற்றைப் பற்றித்தான் ஏற்கனவே சொன்னேனே.

பெய்யா சிரிக்கவில்லை. சுவரிலிருந்து முதுகை எடுத்தாள், சால்வையை இழுத்துப் போர்த்தினாள்.

"சோறு தின்னு முடிக்கிற வரைக்கும் இருக்கிற வீட்டுக்கா என் பொண்ணு? தலெந்தா, எழுந்திரு."

"நான் கையெழுத்துப் போட்டாச்சும்மா" என்றாள் தலெந்தா. அவன் பேசிக்கொண்டிருந்தபோதே போட்டுவிட்டிருந்தாள். மொன்ஜியும், யாரும் பேனாவைப் பிடுங்குவதற்குள், போட்டான்.

"போட்டுக்கோ. கையெழுத்து மழைக்குக் கூரை ஆகுமா? இன்னிக்கு நீ என்கூட வர்ற. இவன் வேற வீடு கட்டட்டும், இன்னும் ஒம்பது வருஷம் ஆனாலும் சரி." சொல்லிவிட்டு இரண்டடி நடந்தவள் நின்றாள். திரும்பி, பெரிய பானைகளைப் பார்த்தாள். கோபம் வேறு, விருந்தாளி வேறு; இது எங்கள் ஊரில் தாய்ப்பாலோடு வருவது. "ஆனா ஒம்பது வருஷமாக் காத்திருக்கிறவங்களைப் பசியோட அனுப்பக் கூடாது. எல்லாரும் என்ன வேடிக்கை பாக்கறீங்க? தட்டை எடுங்க!"

எட்டுப் பேருக்கு ஒரு தட்டு என்பது முறை. நூற்று நாற்பத்தொரு தட்டுகள் சுவரோரமாக, உள்ளேயும் வெளியேயும் வைக்கப்பட்டன. மேல் வரிசைக் கற்களுக்கு ஏணியில் ஏறிப் பரிமாறினோம். பெய்யா தானே கரண்டியைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கோ, வெக்கப்படாத, எலும்பு வேணுமா?" என்று சுவர் சுவராக நடந்தாள். கூஸ்கூஸ் தட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. கல்லின் மேல் ஒலிவ எண்ணெய் மினுமினுத்தது. மிளகாய் விழுது கூடிப்போனதால் வடக்குச் சுவர் சிவந்துவிட்டது; அதற்கு மோர் ஊற்றினோம். நாலரை மணிக்குத் தட்டுகள் எல்லாம் காலி. பெய்யா கரண்டியை வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, தன் வீட்டை நோக்கி நடந்தாள். தலெந்தா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மொன்ஜி முற்றத்தின் நடுவில், கல்யாணச் சட்டையில் குழம்புக் கறையோடு நின்றான். இவ்வளவுதான் என்று நாங்களும் நினைத்தோம்.

அப்போது வீடு சிலிர்த்தது. சுண்ணாம்பு மழையாகக் கொட்டியது. ஆனால் மற்ற வீடுகளைப் போல் கல் கல்லாகப் பிரியவில்லை. கல்யாணச் சாப்பாடு சாப்பிட்டவர்கள் மணப்பெண்ணைப் புகுந்த வீடு வரை கொண்டுபோய் விடாமல் தங்கள் வீட்டுக்குப் போவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அந்தக் கற்களும் எங்களோடு ஒன்பது வருடம் இருந்தவை. நான்கு சுவர்களும் அப்படியே எழுந்து, தகரக் கூரையைத் தட்டு மாதிரித் தலையில் ஏந்திக்கொண்டு, கள்ளி வேலியைத் தாண்டித் தெருவில் இறங்கின. தலெந்தாவை எட்டிப் பிடித்தன. ஒரு சுவர் முன்னே போனது, இரண்டு பக்கவாட்டில், ஒன்று பின்னே. மணப்பெண் வீட்டுக்குள் இருந்தாள், வீடு தெருவில் நடந்தது. பெய்யா மட்டும் வெளியே, ஜன்னல் வழியாக மகளின் கையைப் பிடித்தபடி.

நாற்சந்தியில் பெய்யா இடது பக்கம் இழுத்தாள், அவள் வீடு அங்கேதான். சுவர்கள் வலது பக்கம், குன்றுக்குத் திரும்பின. கையை விட வேண்டும் அல்லது கூட நடக்க வேண்டும். பெய்யா விடவில்லை, திட்டிக்கொண்டே நடந்தாள். பின்னால் மொன்ஜி, அவனுக்குப் பின்னால் குழல், முரசு, பதிவாளர், மிச்ச ஊர். போக்குவரத்துக் காவலர் பெரிய சாலையின் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள், லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள்.

பழைய ஊரின் இரண்டு பெரிய தெருக்களும் சந்திக்கிற இடத்தில் வீடு நின்றது. ஏன் நின்றது என்பது பார்த்த எல்லோருக்கும் புரிந்தது. மொன்ஜி ஒரே இடத்தில் திருடியவன் அல்ல. அந்தச் சுவரில் அரங்கின் கல் இருந்தது, குளிக்கும் கூடத்தின் கல் இருந்தது, கோவில் கல் இருந்தது. ஒவ்வொன்றின் இடமும் வேறு வேறு திசையில், காலியாக, காத்துக்கொண்டிருந்தது. கற்களுக்குள் லேசான ஒரு நடுக்கம் ஓடியது. கீழ் வரிசையில் ஒன்று அரை அடி வெளியே வந்தது. மொன்ஜி தலைகுனிந்து நின்றான். போக வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு வாயில்லை.

பெய்யாவுக்கு இருந்தது. ஜன்னல் வழியாக மகள் முகத்தைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன பார்த்தாளோ, மகளின் கையை விட்டுவிட்டு, இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர்களைப் பார்த்துக் கேட்டாள்.

"சாப்பிட்டீங்க, சந்தோஷம். கூட்டிக்கிட்டு வந்தீங்க, அதுவும் சந்தோஷம். ஒரு கல்யாணப் பொண்ணை நடுத்தெருவுல விட்டுட்டு, அவனவன் தன் தன் வீட்டைப் பாத்துக்கிட்டுப் போறதுதான் உங்க ஊரு மரியாதையா?"

வெளியே வந்த கல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு உள்ளே போனது. நடுக்கம் நின்றது. தெரு முனையில், அகழ்ந்தவர்கள் எதுவுமே இருந்ததில்லை என்று வரைபடத்தில் வெறுமையாக விட்டிருந்த ஒரு மனை உண்டு. நான்கு சுவர்களும் அதில் போய், அளவு பார்த்து, கிழக்கைப் பார்த்த வாசலோடு உட்கார்ந்துகொண்டன. தகரம் கடைசியாக ஒரு முறை கடகடத்தது. பெய்யா வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். தோளைக் கொடுத்துத் தள்ளிப் பார்த்தாள்.

"நீ என்ன வேடிக்கை பாக்குற?" என்றாள் மொன்ஜியிடம். "உள்ள போடா மகனே. கறை பட்ட சட்டையை மாத்து."

இலையுதிர் காலத்தில் தலைநகர் தூனிஸிலிருந்து ஓர் அதிகாரி கோப்போடு வந்தார். பாதுகாக்கப்பட்ட இடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது என்பது விதி. அதே விதிப்புத்தகத்தில், பழைய ஊரின் எந்தக் கல்லையும் அது இருக்கும் இடத்திலிருந்து அசைக்கக் கூடாது என்றும் இருந்தது. அவர் மூன்று நாள் அளந்தார், சுண்ணாம்பைச் சுரண்டினார், தகரத்தைத் தட்டினார், சுவர்கள் ஐயமில்லாமல் ரோமானியர் காலத்தவை என்று எழுதினார். இன்னொன்றையும் எழுதினார்: நகரத்தில் இன்னும் ஆயிரத்து நூற்று இருபத்தெட்டு இடைவெளிகள் இருப்பதால், இது முழு நகரம் ஆகாது, இடிபாடுதான்; ஆகையால் இதற்கு ஒரு காவலாளியும் நுழைவுச்சீட்டு கொடுக்க ஒருவரும் தொடர்ந்து அங்கேயே தேவை. அந்த மூன்று நாளும் அவருக்குச் சாப்பாடு எங்கே என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழே நாங்கள் தொழிற்சாலைச் செங்கல்லில் ஊரைத் திரும்பக் கட்டினோம். அழகு குறைவுதான். ஆனால் செங்கல்லுக்குப் போக வேறு ஊர் கிடையாது. பூபக்கர் மறுபடி மேலே ஏறிவிட்டார், பொய்கள் சில புதியவை. அகழ்வாராய்ச்சிக்காரர்கள் பழைய வீடுகளுக்கு மீன் வீடு, மயில் வீடு என்று பெயர் வைத்துப் பலகை நடுவது வழக்கம். தெரு முனையிலும் ஒரு பலகை நட்டிருக்கிறார்கள். அதில் 'தலெந்தாவின் வீடு' என்று மூன்று மொழியில் எழுதியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கொடியில் துணி காயப்போடும்போது பயணிகள் உள்ளே பார்க்கலாமா என்று கேட்பார்கள். பார்க்கலாம். குழந்தை தூங்காத நேரமாக இருக்க வேண்டும், செருப்பை வெளியே விட வேண்டும்.